ஜெபம் நடக்கிறது, வீடு பேசவில்லை

கேள்வி:

நாங்கள் மட்டக்களப்பில், கல்லடியில் இருக்கிறோம். மெதடிஸ்த குடும்பம். நான் ஒரு அரச அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கணவர் லீசிங்கில் எடுத்த ஆட்டோ ஓடுகிறார். மகனுக்கு 15 வயது, மகளுக்கு 9. என் அம்மாவின் வீட்டில்தான் குடியிருக்கிறோம், அம்மாவும் எங்களோடு.

இரவு எட்டரைக்கு அம்மா குடும்ப ஜெபம் வைப்பார். முக்கால் மணித்தியாலம் போகும். சுனாமியில் நாவலடியில் இழந்த தன் தங்கச்சி குடும்பத்தின் பெயர்களை ஒன்றும் விடாமல் சொல்லி நன்றி செலுத்தி முடிக்கும்போது மகள் நித்திரையாகிவிடுவாள். கணவர் விறாந்தையில் போனோடு இருப்பார். அவர் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரைச் சைவக் குடும்பம்; கலியாணத்துக்கு முதல் ஞானஸ்நானம் எடுத்தவர். மகன் சின்னவனாக இருந்த காலத்தில் ஒருநாள் வாய்விட்டு ஜெபித்தார். அம்மா இடையில் திருத்திவிட்டார். அதோடு நிறுத்தியவர்தான். கோயிலுக்கும் பெருநாட்களில் மட்டும் வருவார். லீசிங் மூன்று மாத நிலுவை. அப்படியிருந்தும் பக்கத்து வீட்டு ஐயாவை இரத்தச் சுத்திகரிப்புக்குக் கிழமையில் இரண்டு நாள் காசு வாங்காமல் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போகிறார். அதைக் கேட்டால் சண்டை.

மகன் இப்போது ஜெபத்துக்கு வரமாட்டேன் என்கிறான். "சுனாமியும் ஞாயிறு, சீயோன் கோயில் குண்டும் ஞாயிறு. ரெண்டும் ஆண்டவர்ர நாள்தானே, அவர் எங்க நிண்டவர்?" என்று கேட்டான். அம்மா அதட்டி அடக்கிவிட்டார். சீயோனில் நடந்தபோது அவனுக்கு எட்டு வயது. இப்போது சில இரவுகளில் நித்திரையில்லாமல் எழும்பி இருக்கிறான்.

வெளியிலிருந்து வந்த ஒரு ஊழியர், விசுவாசக் குறைவால்தான் கடன் தீரவில்லை, மூன்று நாள் உபவாசமிருந்து விதைக் காணிக்கை கொடுங்கள், விதைத்தால் ஆண்டவர் பல மடங்காகத் திருப்பித் தருவார் என்கிறார். எனக்கே ஜெபிக்க மனம் வருவதில்லை. என் குடும்பத்தில் விசுவாசம் ஆழமாக வளர நான் எங்கே தொடங்குவது?

கல்லடியிலிருந்து ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரி,

நான் குருவானவர் இல்லை. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் குடும்பங்களோடு வேலை செய்கிற உளவளத்துணையாளர். நானும் இந்த மண்ணின் சபையில் வளர்ந்தவள். ஆகவே உங்கள் கேள்வியை வெறும் மனநலக் கேள்வியாக மாற்றிவிட மாட்டேன். விசுவாசத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதைப் பற்றியே பேசுவோம்.

உங்கள் வீட்டில் ஜெபத்துக்குக் குறைவில்லை. ஆனால் நீங்கள் எனக்கு எழுதியவற்றை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். லீசிங் நிலுவை, அதனால் வரும் சண்டை, கணவர் அன்றைக்குப் பட்ட வெட்கம், மகனுடைய கேள்வி, உங்கள் மனதின் வரட்சி. இவற்றில் ஒன்றாவது அந்த முக்கால் மணித்தியாலத்துக்குள் யாருடைய வாயிலிருந்தாவது வந்திருக்கிறதா? முன்பின் தெரியாத எனக்கு எழுத முடிந்ததை உங்கள் வீட்டு ஜெபத்தில் சொல்ல முடியவில்லை என்றால், குறைவது நேரமும் இல்லை, பக்தியும் இல்லை. உண்மைதான் உள்ளே வர இடமில்லாமல் நிற்கிறது.

பல வீடுகளில் இதைக் காண்கிறேன். ஆறு மணிக்குச் சத்தம் போட்டுச் சண்டை, எட்டு மணிக்குக் கண்ணை மூடி ஸ்தோத்திரம். இரண்டுக்கும் இடையில் ஒரு சொல்லும் இல்லை. பெரியவர்கள் இதற்குப் பழகிவிடுவார்கள். பிள்ளைகள் பழக மாட்டார்கள். பதினைந்து வயதுப் பிள்ளை, ஜெபத்துக்குள் வருகிற வீடு வேறு, தான் இருக்கிற வீடு வேறு என்று கண்டுபிடித்துவிட்டால் மெல்ல எழும்பிப் போய்விடும். அதை நான் அவிசுவாசம் என்று உடனே சொல்ல மாட்டேன்.

உபாகமம் ஆறாம் அதிகாரத்தை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். கர்த்தருடைய வார்த்தையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு என்ற கட்டளை அங்கே இருக்கிறது. எப்போது என்றால், வீட்டில் இருக்கும்போது, வழியில் போகும்போது, படுக்கும்போது, எழும்பும்போது. அதே அதிகாரத்தின் கடைசிப் பகுதியில், நாளைக்கு உன் மகன் "இவையெல்லாம் என்ன?" என்று கேட்பான், அப்போது நாங்கள் எகிப்தில் அடிமைகளாக இருந்தோம் என்று தொடங்கிச் சொல் என்றும் இருக்கிறது. பிள்ளை கேள்வி கேட்பான் என்பது வேதம் முன்கூட்டியே எதிர்பார்த்த காரியம். பதிலும் குடும்பத்துக்கு நடந்த துன்பத்திலிருந்துதான் தொடங்குகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகனைப் பற்றிச் சொல்லும்போது திரும்ப வருவேன்.

நீங்கள் மெதடிஸ்த குடும்பம் என்பதால் இன்னொன்றையும் சொல்ல ஆசை. 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்புக்கு வந்து, ஒரு வருடம்கூட நிறையாமல் 1815இல் இங்கேயே இறந்துபோனார். அவர் கொண்டுவந்த மரபு இங்கிலாந்தின் எப்வேர்த் என்ற ஊரில் ஒரு குருமனையில் முளைத்தது. அந்த வீடு அமைதியான, ஒழுங்கான, கடனில்லாத வீடு என்று நாங்கள் நினைத்துக்கொள்வதுண்டு. இல்லை. அங்கே குருவாக இருந்த சாமுவேல் வெஸ்லி, பட்ட கடனுக்காக 1705இல் சிறையில் இருந்தவர். அதற்கு முன்பு, குடும்ப ஜெபத்தில் அரசன் வில்லியமுக்காகத் தான் ஜெபித்தபோது மனைவி சுசன்னா "ஆமென்" சொல்லவில்லை என்று கண்டு, கோபத்தில் வீட்டை விட்டே புறப்பட்டு லண்டன் போய்ப் பல மாதம் இருந்தார். சுசன்னாவுக்கு அந்த அரசனை ஏற்க மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. குடும்ப ஜெபத்தில் பிறந்த சண்டை அது. அவர்கள் மறுபடி சேர்ந்த பிறகு, 1703இல் பிறந்த பிள்ளைதான் மெதடிஸ்த மரபைத் தொடக்கிவைத்த ஜோன் வெஸ்லி.

அந்தத் தாய் பெற்ற பிள்ளைகள் 19. உயிரோடு வளர்ந்தவர்கள் 10. வீட்டில் படிப்பும் ஜெபமும் கட்டுப்பாடாக நடந்தன. அதற்கு மேலாக ஒவ்வொரு பிள்ளைக்கும் கிழமையில் ஒரு மாலை ஒதுக்கி, அந்தப் பிள்ளையோடு மட்டும் தனியாக இருந்து பேசினார். ஜோனுடைய நாள் வியாழன். அவர் பெரியவராகி ஒக்ஸ்போர்டில் இருந்த காலத்திலும், அந்த வியாழன் மாலையின் ஒரு சிறு பகுதியைத் தனக்குத் தரமுடியுமா என்று தாய்க்கு எழுதியிருக்கிறார். கூட்டு ஜெபம் எத்தனையோ நடந்த வீட்டில் அவர் மனதில் தங்கியது அந்தத் தனிப் பேச்சு.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

முதலில் அம்மாவும் உங்கள் கணவரும். எங்கள் மட்டக்களப்பில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். இதில் நன்மை அதிகம். பெண் பிள்ளை தன் தாயின் நிழலை விட்டுப் போகவேண்டியதில்லை. ஆனால் இருபது வருடம் வாழ்ந்தாலும், மாமியின் வீட்டில் மருமகனுக்கு ஒரு கூச்சம் இருந்துகொண்டே இருக்கும். உங்கள் கணவருக்கு வீடும் புதிது, விசுவாசமும் புதிது. துணிந்து வாய் திறந்த நாளில் மகனுக்கு முன்னால் திருத்தப்பட்டார். அதற்குப் பிறகு விறாந்தையில் போய் இருந்துகொண்டார் என்றால் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அம்மா வேண்டுமென்று செய்ததாகவும் நான் நினைக்கவில்லை. ஜெபத்தைச் சரியான சொற்களால் காக்க வேண்டும் என்று வளர்க்கப்பட்ட தலைமுறை அது.

"புருஷன்தான் குடும்பத்தின் ஆசாரியன், அவரை முன்னுக்கு நிறுத்துங்கள்" என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். உங்கள் வீட்டில் அதைச் செய்யாதீர்கள். நிற்கப் பயப்படுகிற மனிதனை எல்லாருக்கும் முன்னால் நிறுத்துவது அன்று நடந்ததை இன்னொரு முறை நடத்துவதாகும். அம்மாவிடமிருந்து ஜெபத்தைப் பறித்து அவரிடம் கொடுத்தால் இரண்டு பேரும் நோவார்கள்.

அவரிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். நோயாளியான ஒரு பெரியவரைக் கிழமையில் இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்குகிறார். நீங்கள் இதை ஒரு முறைப்பாடாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று மாத நிலுவை தலைக்கு மேல் நிற்கிற வீட்டில் உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும், வியாதியாய் இருந்தேன், என்னைப் பார்க்க வந்தாய் என்று மத்தேயு 25இல் ஆண்டவர் சொல்வது இப்படிப்பட்டவர்களிடம்தான். அவர்களும் "எப்போது ஆண்டவரே?" என்று தெரியாமல்தான் கேட்கிறார்கள். உங்கள் பிள்ளைகள் தங்கள் அப்பாவிடம் விசுவாசம் இல்லை என்று நினைத்து வளர்கிறார்கள். அது உண்மை இல்லை. மகள் கேட்க, "அப்பா இன்றைக்கு அந்த ஐயாவை ஏற்றிப் போனது ஆண்டவருக்குச் செய்த வேலை" என்று ஒருநாள் சொல்லுங்கள். சண்டையைத் தீர்க்கும் தந்திரமாகச் சொல்ல வேண்டாம்; உண்மை என்று மனதில் பட்ட பிறகு சொல்லுங்கள்.

அடுத்தது கடன். இதைத் தீர்க்காமல் ஜெபத்தை மாற்றினால் ஒன்றும் மாறாது. பிள்ளைகள் படுத்த பிறகு நீங்களும் கணவரும் இருந்து, ஒரு கொப்பியில் வரவையும் செலவையும் நிலுவையையும் எழுதுங்கள். லீசிங் கம்பனி ஆள் அனுப்பும் வரை காத்திராமல் நீங்களே போய், தவணையை மாற்றி அமைக்க முடியுமா என்று கேளுங்கள். ஐயாவின் பிள்ளைகள் பெற்றோல் செலவையாவது பகிர முடியுமா என்பதையும் கணவரோடு பேசலாம். அது அவருடைய நல்ல செயலைக் குறைப்பதாகாது. பேசி முடிந்ததும் இரண்டு பேருமாக ஒரு வசனம் சொல்லுங்கள்: "ஆண்டவரே, எங்களுக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, பயமாக இருக்கிறது." தொகையையும் சொல்லுங்கள். அவர் வாய் திறக்காவிட்டால் பரவாயில்லை, நீங்கள் சொல்லுங்கள், அவர் பக்கத்தில் இருந்தால் போதும். உங்கள் வீட்டில் இத்தனை வருடத்தில் கடன் ஆண்டவருக்கு முன்னால் பெயர் சொல்லி வைக்கப்படுவது அதுவே முதல் தடவையாக இருக்கலாம்.

அந்த ஊழியர் சொன்ன விதைக் காணிக்கையைப் பற்றி எனக்குத் தயக்கம் இல்லை. கொடுக்காதீர்கள். கடன்பட்ட குடும்பத்திடம் இன்னும் காசு கேட்டு, கொடுக்காவிட்டால் விசுவாசம் குறைவு என்று சொல்வது பெரிய அநியாயம். ஏழை விதவை போட்ட இரண்டு காசைப் பற்றிச் சொல்வதற்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்களை இயேசு கண்டித்ததை மாற்கு 12இல் வாசித்துப் பாருங்கள். உங்கள் சபைக்கு வழக்கமாகக் கொடுக்கும் காணிக்கையை உங்கள் சக்திக்கு ஏற்பக் கொடுங்கள். அந்த மேலதிகப் பணத்தை லீசிங்குக்குக் கட்டுங்கள். வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டுவதும் ஆண்டவருக்கு முன்னால் நேர்மையான செயல்தான். உபவாசம் இருக்க உங்களுக்கே மனம் ஏவினால் இருங்கள். கடனை இறக்குவதற்கான விலையாக இருக்க வேண்டாம்.

மகனுடைய கேள்விதான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகப் பெரியது.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த 2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறு. அங்கே இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலை முடிந்து நின்ற பிள்ளைகளும் இருந்தார்கள். உங்கள் மகன் அன்றைக்கு எட்டு வயது. அந்தப் பிள்ளைகளின் வயது. தன் வயதுப் பிள்ளைகள் தான் இருக்கிற ஊரில், தான் போகிறது போன்ற ஒரு வகுப்பை முடித்துக்கொண்டு வந்து இறந்ததை அவன் இத்தனை வருடமாகச் சுமந்துகொண்டு திரிகிறான். கிண்டலுக்குக் கேட்டானா, கோபத்தில் கேட்டானா என்று யோசித்து நேரத்தை விடாதீர்கள். கேட்டானே, அதற்காக நன்றி சொல்லுங்கள். இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்காமல் உள்ளே வைத்திருக்கிற பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

அவன் கேட்ட கேள்வி வேதத்தில் ஏற்கெனவே இருக்கிறது. யோவான் 11இல் லாசரு இறந்து நாலு நாள் கழித்து இயேசு பெத்தானியாவுக்கு வருகிறார். மார்த்தாள் எதிரே போய், நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டான் என்கிறாள். பிறகு மரியாள் வந்து அதே வார்த்தையைச் சொல்கிறாள். நீர் எங்கே நின்றீர் என்பதுதான் அது. ஆண்டவர் அவர்களை அதட்டவில்லை. மார்த்தாளோடு பேசினார். மரியாளோடு அழுதார். இரண்டு சகோதரிகளுக்கும் ஒரே பதிலைக் கொடுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஆகவே மகனிடம் "எல்லாம் ஆண்டவருடைய சித்தம்" என்று சொல்லாதீர்கள். பிள்ளைகளைக் கொன்ற குண்டை ஆண்டவர் அனுப்பினார் என்றே அது அவன் காதில் விழும். அந்தக் குண்டைக் கொண்டுவந்தது மனிதன். கடல் ஏன் அப்படி எழும்பியது என்பதற்குப் பூமிக்கடியில் பாறைத் தட்டுகள் நகர்ந்த கதை இருக்கிறது. அதை அவன் பாடசாலையிலேயே படித்திருப்பான். ஆனால் ஏன் தடுக்கவில்லை என்பதற்கு உங்களிடம் பதில் இல்லை என்றால், "எனக்கும் தெரியாது மகன், எனக்கும் அது நோகிறது" என்று சொல்லுங்கள். சிலுவையில் தொங்கியபடி, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கேட்டவரைத்தான் நாங்கள் ஆண்டவர் என்கிறோம். அப்படி ஒருவரிடம் இந்தக் கேள்வியைக் கொண்டுபோகலாம் என்பது என் விசுவாசம். சங்கீதம் 13ஐ அவனோடு வாசியுங்கள். "எதுவரைக்கும்" என்று திரும்பத் திரும்பக் கேட்கிற சங்கீதம் அது. 88ஆம் சங்கீதம் இன்னும் கடினம். கடைசி வரியும் இருளிலேயே முடிகிறது. அப்படி முடிகிற ஜெபமும் வேதத்துக்குள் இடம் பெற்றிருக்கிறது என்று அவன் அறியட்டும்.

இதே கேள்வியோடு உங்கள் வீட்டில் இன்னொருவர் இருக்கிறார். ஒவ்வோர் இரவும் நாவலடியில் போனவர்களின் பெயர்களைச் சொல்லுகிற உங்கள் அம்மா. அவர் பேரனை அதட்டியது கேள்வி பிழை என்பதாலா, அல்லது அந்தக் கேள்வி தனக்குள்ளும் இருபது வருடமாகக் கிடப்பதாலா? இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். ஜெபம் நீளுவதும் அதனால்தான். அந்தப் பெயர்களைச் சொல்வதை நிறுத்தினால் அவர்களை இரண்டாம் முறையும் இழந்துவிடுவோம் என்று அவர் பயப்படலாம். உங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்கள் நித்திரை வருவிக்கிற நீண்ட வரிசை. அம்மாவுக்கு ஒவ்வொன்றும் ஒரு முகம்.

வாவியின் முகத்துவாரத்தை மண் மூடினால் மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் ஊருக்குள் ஏறும். யாராவது போய் வெட்டிவிட வேண்டும். உங்கள் வீட்டில் அந்த வேலை உங்களுடையது. அம்மாவோடு தனியாக இருக்கும்போது, மீன் வெட்டுகிற நேரமோ தேத்தண்ணி குடிக்கிற நேரமோ, சின்னம்மாவைப் பற்றிக் கேளுங்கள். சின்ன வயதில் எப்படி இருந்தா, என்ன சமைப்பா, கோயிலில் எந்தப் பாட்டை விரும்பிப் பாடுவா. அன்றைய காலையைப் பற்றி அவரே சொன்னால் மட்டும் கேளுங்கள், தோண்ட வேண்டாம். பிறகு, "அம்மா, இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கோ. தம்பி கேட்டதற்கு உங்களால்தான் பதில் சொல்ல ஏலும்" என்று கேளுங்கள். ஞாயிறு இரவில் ஒரு பெயர், அந்தப் பெயருக்குரிய ஒரு கதை, அவ்வளவும் போதும். இவ்வளவு இழந்த பிறகும் ஏன் ஜெபிக்கிறீர்கள் என்று பேரன் அம்மம்மாவைக் கேட்கட்டும். அவர் சொல்லுகிற பதில் எதுவாக இருந்தாலும், எந்தப் பிரசங்கியும் அவனுக்குக் கொடுக்க முடியாதது அது. தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றிப் பவுல் எழுதும்போது முதலில் பாட்டி லோவிசாளைச் சொல்லி, பிறகே தாயைச் சொல்கிறார்.

ஜெபத்துக்கு வா என்று மகனை வற்புறுத்துவதை இப்போதைக்கு விடுங்கள். ஞாயிறு ஆராதனைக்கு வருவானா என்பதை அவனோடு பேசி முடிவெடுங்கள். கோயிலுக்குள் இருக்கும்போது பயம் வருகிறதா என்றும் நேரடியாகக் கேளுங்கள். வாசலுக்குக் கிட்டவுள்ள வாங்கில் உங்களோடு இருக்க விரும்பினால் அப்படியே இருங்கள். கிழமையில் ஒரு மாலை அவனோடு மட்டும் கல்லடிக் கடற்கரைக்கோ பாலத்தடிக்கோ நடந்துபோங்கள். படிப்பைப் பற்றியோ ரியூசனைப் பற்றியோ பேச வேண்டாம். பேசாமல் நடந்தாலும் நல்லது. மகளுக்கும் அப்படி ஒரு நேரம் கொடுங்கள். அமைதியாக இருக்கிற பிள்ளைக்கு ஒன்றும் தேவையில்லை என்று நாங்கள் எளிதாக நினைத்துவிடுகிறோம்.

குடும்ப ஜெபத்தை எப்படி வைப்பது என்றால், சாப்பாட்டுக்கு முன்னால், சாப்பாட்டு மேசையில், பத்து நிமிடம். அங்கே கணவரை யாரும் கூப்பிட வேண்டியதில்லை. பசியோடு வந்து அவரே இருப்பார். மாற்கு சுவிசேஷம் நான்கிலும் சிறியது, 16 அதிகாரம். ஒரு நாளைக்கு ஒரு சம்பவம் மட்டும் மகள் வாசிக்கட்டும். விளக்கம் சொல்லாதீர்கள். இதில் உங்களுக்கு எது பிடித்தது, எது விளங்கவில்லை என்று மட்டும் கேளுங்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லாவிட்டாலும் அதுவும் சரி. பிறகு ஒவ்வொருவரும் அன்றைக்கு நன்றி சொல்ல ஒன்றும், மனதில் பாரமாகக் கிடக்கிற ஒன்றும். அலுவலகத்தில் உங்களை ஒருவர் அவமதித்தால் அதைச் சொல்லுங்கள். கடைசியில் எல்லாருமாகக் கர்த்தருடைய ஜெபம். சொந்தமாக ஜெபித்தால் பிழை வந்துவிடும் என்று பயப்படுகிற உங்கள் கணவருக்கு அந்தப் பொது ஜெபம் ஒரு பாதுகாப்பு. அதில் யாரும் யாரையும் திருத்த முடியாது. அம்மாவுக்கு நீண்ட ஜெபம் வேண்டும் என்றால் எட்டரைக்கு அவருடைய அறையில் அது தொடரட்டும். விரும்புகிறவர்கள் போய் இருக்கலாம். இந்த மாற்றத்தை அம்மாவிடம் முதலில் தனியாகச் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். மேசையில் வைத்து அறிவிக்காதீர்கள். பத்து நிமிட ஜெபத்தில் ஒரு கீர்த்தனையைத் தெரிவு செய்வதும் பாடத் தொடங்குவதும் அவருடைய உரிமையாக இருக்கட்டும்.

சண்டைகள் நிற்காது, நிற்கும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். சூரியன் மறையும் முன் கோபத்தைத் தீர்க்கச் சொல்கிறது வேதம். பிள்ளைகளுக்கு முன்னால் கத்தினால், பிள்ளைகளுக்கு முன்னாலேயே "நான் கத்தினது பிழை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று கணவரிடம் சொல்லுங்கள். அறைக்குள் போய் இரகசியமாகச் சமாதானமானால், பிள்ளைகள் சண்டையை மட்டும் பார்க்கிறார்கள், மன்னிப்பைப் பார்ப்பதில்லை. பாவமன்னிப்பைப் பற்றி ஞாயிறு பாடசாலையில் வருடக்கணக்காகக் கேட்டும், வீட்டில் ஒரு பெரிய ஆள் மன்னிப்புக் கேட்டதை ஒருநாளும் காணாத பிள்ளைகள் எங்கள் ஊர்களில் நிறையப் பேர். நான் உங்களுக்குச் சொன்னவற்றில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

உங்கள் சொந்த வரட்சிக்கு வருகிறேன். காலையில் சமையல், பிள்ளைகள், அலுவலகம், பின்னேரம் மறுபடி குசினி, இரவில் முக்கால் மணித்தியாலம் கண்ணை மூடி மற்றவர்களைக் கவனித்துக்கொண்டு இருப்பது: யார் தூங்குகிறார், யார் வரவில்லை என்று. அதற்குள் நீங்கள் எங்கே ஜெபிப்பது? வீட்டுக்கே விசுவாசக் காவலாளியாக இருந்து களைத்துவிட்டீர்கள். கொஞ்ச நாளைக்கு அந்தப் பொறுப்பை இறக்கிவையுங்கள். கிழமைக்கு ஒரு சங்கீதம் போதும். கல்லடிப் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகும்போது அதில் ஒரு வரியை நினைத்துக்கொண்டு போங்கள். ஒன்றும் தோன்றாவிட்டால், மாற்கு 9இல் நோயுற்ற மகனைக் கூட்டிவந்த தகப்பன் சொன்னதைச் சொல்லுங்கள்: விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவி செய்யும். ஆண்டவர் அந்த மனிதனிடம் இதைவிடத் தெளிவான ஜெபம் கேட்கவில்லை, பிள்ளையைச் சுகமாக்கினார். சபையில் நம்பிக்கையான ஒரு பெண்ணிடமோ குருவானவரிடமோ உங்கள் நிலையைச் சொல்லுங்கள். மெதடிஸ்த மரபில் வகுப்புத் தலைவர்கள் என்று ஆட்கள் இருந்தார்கள். கிழமைக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் கண்டு உன் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று கேட்பது அவர்களுடைய வேலை. அப்படிக் கேட்க ஒரு ஆள் உங்களுக்கும் வேண்டும்.

இவற்றை ஒரேயடியாகத் தொடங்காதீர்கள். முதலில் கணவரோடு கடன் கொப்பி. அது ஓரளவு அமைந்த பிறகு அம்மாவோடு பேச்சு. மேசை ஜெபம் அதற்கும் பிறகு. இரண்டு மூன்று மாதம் எடுக்கட்டும். இடையில் நின்றுபோனால் குற்ற உணர்வில்லாமல் மறுபடி தொடங்குங்கள்.

மகனுடைய நித்திரையை மட்டும் இந்த வரிசையில் காக்க வைக்க வேண்டாம். நித்திரையின்மை கிழமைக்கணக்காக நீடித்தால், கெட்ட கனவு, திடுக்கிடுதல், கூட்டமான இடங்களுக்குப் போகப் பயம், படிப்பில் மனம் செல்லாமை என்று ஏதாவது கண்டால், பாடசாலை ஆலோசனை ஆசிரியரிடமோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவிலோ காட்டுங்கள். சாக வேண்டும் என்ற விதமாக ஒரு வார்த்தை சொன்னாலும் அன்றைக்கே போக வேண்டும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். வைத்தியரிடம் போவதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். உங்கள் கணவர் ஆட்டோவில் அந்த ஐயாவை ஏற்றிப் போகிற அதே ஆஸ்பத்திரிதான். மகனையும் அவரே கூட்டிப் போகட்டும்.